ஹசுயியின் மாகோமே நிலவு: 1930-இல் அச்சானதா, பிறகா? பினாங்கு ஈரத்தில் எப்படிக் காப்பது?

ஆயர்ஈத்தாம்_வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையிலிருந்து பிரேமோடு வந்த ஒரு ஜப்பானிய மரக்கட்டை அச்சு பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

படத்தில் உயரமான பைன் மரங்கள், அவற்றின் பின்னால் பெரிய முழுநிலவு, கீழே ஒரு வீடு. வீட்டில் ஒரு ஜன்னலில் மட்டும் மஞ்சள் வெளிச்சம், மற்றதெல்லாம் நீலம். தேடிப் பார்த்தவரை இது ஜப்பானிய ஓவியர் கவாசே ஹசுயியின் மாகோமே நிலவு என்ற படம், தோக்கியோவின் இருபது காட்சிகள் என்ற வரிசையில் 1930-இல் வந்தது. கையெழுத்தும் அதன் கீழே சிவப்பு முத்திரையும் தெரிகின்றன. ஓரத்தில் செங்குத்தாக ஓடும் எழுத்தைப் பாதி மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றி வைக்கும், நடுவில் ஜன்னல் வெட்டிய அட்டை) மறைத்திருக்கிறது. பதிப்பாளர் முத்திரை கண்ணுக்குப் படவில்லை. அட்டையில் வெட்டிய ஜன்னலின் அளவு 35 × 23 செ.மீ.

நிலை: வானப் பகுதியில் பத்துப் பன்னிரண்டு பழுப்புப் புள்ளிகள். இடது கீழ் மூலையில் கண்ணாடிக்கு உட்புறம் சாம்பல் நிறத் தூள் போல ஏதோ படிந்திருக்கிறது. பின்பக்கம் மெல்லிய மரப்பலகை, ஆணி, மேலே பழுப்புக் காகிதம்.

கேள்விகள்: இது 1930-இல் அச்சானதா, பிற்கால அச்சா? பிரேமை வீட்டிலேயே திறக்கலாமா? காலை வெயிலில் அரை மணி நேரம் காயவைத்து, பிரேமுக்குள் இரண்டு பாச்சை உருண்டை போட்டு மூடினால் போதும் என்கிறார்கள், சரியா? மாட்ட நினைக்கும் ஹாலில் ஏர்கான் இரவில் மட்டும்தான் ஓடும்.

---

செந்தூல்_மரக்கட்டை எழுதியது:

வணக்கம். வெயில், பாச்சை உருண்டை இரண்டும் வேண்டவே வேண்டாம். ஏன் என்பதைப் பிரேம் வேலை தெரிந்தவர்கள் சொல்லட்டும். நான் காலம் கணிப்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பொதுவான தவறு. ஓரத்தில் இருக்கும் தேதி, அச்சிட்ட தேதி அல்ல. அது படம் உருவான தேதி. கட்டையிலேயே செதுக்கியிருப்பதால் 1930-இல் அடித்த தாளிலும் 1950-இல் அடித்த தாளிலும் அதே தேதிதான் விழும். உங்கள் படத்தில் அட்டையை நீக்கினால் ஷோவா 5 என்று ஜப்பானியப் பேரரசரின் ஆட்சிக்கால ஆண்டு இருக்க வேண்டும். ஷோவா ஆண்டோடு 1925-ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும், அதாவது 1930. அதற்கு முந்தைய ஆட்சிக்காலமான தைஷோ என்றிருந்தால் 1911-ஐக் கூட்ட வேண்டும். எண்களைப் படிப்பது சுலபம்: ஒன்று, இரண்டு, மூன்று என்பவை முறையே ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு, பத்து என்பது கூட்டல் குறி. நான்கிலிருந்து ஒன்பது வரை உள்ள ஆறு வடிவங்களை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

அச்சிட்ட காலத்தைச் சொல்வது பதிப்பாளரின் முத்திரை. ஹசுயி (1883–1957) படம் வரைந்தவர் மட்டுமே. கட்டை செதுக்கியவர் வேறு, அச்சடித்தவர் வேறு, எல்லாரையும் இணைத்துப் பணம் போட்டு விற்றவர் வதனாபே ஷோசாபுரோ (1885–1962). ஷின் ஹாங்கா, அதாவது புதிய அச்சு என்கிற இந்த இயக்கமே இந்த நால்வர் கூட்டின் பலன். கட்டைகள் பதிப்பாளரிடம் இருந்ததால் விற்பனை இருக்கும்வரை மறுபடி மறுபடி அச்சிட்டார்கள். அவரவர் காலத்து முத்திரை மாறியது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அச்சுகளில் பெரும்பாலும் நீள்சதுரமான, செங்குத்தான முத்திரை இருக்கும். பதிப்புரிமை வதனாபே ஷோசாபுரோவுக்கு என்பது அதன் பொருள். சேகரிப்பாளர்கள் அவற்றின் சிறு வேறுபாடுகளைப் பார்த்து ஏ, பி, சி, டி என்று பெயரிட்டுப் பிரிக்கிறார்கள். போருக்குப் பின், ஹசுயி உயிரோடு இருந்த காலத்தில், பட மூலையில் ஏறத்தாழ 6 மி.மீ. வட்ட முத்திரை. அவர் இறந்த பிறகு அடித்தவற்றுக்கு வேறு முத்திரைகள். 1989-க்குப் பின் வந்தவற்றை ஹேய்செய் முத்திரை என்கிறார்கள். இவை எல்லாமே அசல் கட்டையச்சுதான், போலி அல்ல. ஆனால் விலையிலும் தரத்திலும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரம்.

1923 செப்டம்பர் 1 கந்தோ நிலநடுக்கத்தில் வதனாபேயின் கட்டைகளும் இருப்பும் எரிந்துபோயின, ஹசுயியின் வரைபுப் புத்தகங்களும் போயின. அதனால் அதற்கு முந்தைய ஹசுயிகள் அரிது. உங்களுடையது 1930 படம் என்பதால் அந்தக் கணக்கு இங்கே வராது. இந்தத் திரியைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அளவையும் கவனியுங்கள். ஓபான் என்ற வழக்கமான அளவுத் தாள் ஏறத்தாழ 39 × 26 செ.மீ., அதில் படம் மட்டும் 36 × 24 செ.மீ. சுற்றளவில் வரும். உங்கள் ஜன்னல் 35 × 23 என்றால் அட்டை படத்தின் மீதே ஒவ்வொரு பக்கமும் அரை செ.மீ. ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஓரம் முழுதாக உள்ளே மறைந்திருக்கலாம், அல்லது பிரேமுக்குப் பொருத்த யாராவது வெட்டியும் இருக்கலாம். வெட்டியிருந்தால் ஓரத்தில் இருந்த முத்திரை போனது போனதுதான். திறக்காமல் இதைத் தீர்க்க முடியாது.

திறந்ததும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் முதுகைப் பாருங்கள். உண்மை பேசுவது முதுகுதான். இந்த அச்சில் எண்ணெய் மை கிடையாது. நீரில் கரைத்த சாயமும் அரிசிக் கஞ்சியும் தூரிகையால் கட்டையில் தேய்க்கப்படும். ஈரமாக்கிய கோசோ (ஒரு வகை மரப்பட்டை) நார்த் தாளை அதன் மேல் வைத்து, மூங்கில் மடல் சுற்றிய பாரென் என்ற வட்டத் தேய்ப்பானால் முதுகில் அழுத்தித் தேய்ப்பார்கள். அழுத்தம் சாயத்தை நாருக்குள் இறக்கிவிடும். அதனால் அடர்நீலப் பகுதியின் பின்புறத்தில் அதே வடிவம் மங்கலாகத் தெரிய வேண்டும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பாரென் போன வளையத் தடங்களும் தெரியும். முதுகு வெறும் வெள்ளையாக, வழுவழுவென்று இருந்தால் அது இயந்திர அச்சு.

முகத்தில் நிலவின் விளிம்பில் 10 மடங்கு பூதக்கண்ணாடியை வையுங்கள். கட்டையச்சில் நீலம் தட்டையாக வந்து, செதுக்கிய விளிம்பில் லேசாகக் குவிந்து சட்டென்று நிற்கும்; சாயத்தினூடே நார் தெரியும். ஆஃப்செட் அச்சில் அந்த நீலமே நான்கு நிறப் புள்ளிகளாக, சிறு பூ வடிவில் உடைந்துவிடும். மஞ்சள் ஜன்னலிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். அச்சு மஞ்சளுக்குள் சிவப்புப் புள்ளி தென்பட்டால் அங்கேயே முடிவு. கல்லோடைப் என்ற முறையில் மட்டும் புள்ளி வராது, புழுபுழுவென்ற நெளிவு வரும். அதற்கும் முதுகில் பாரென் தடம் இருக்காது.

புறஊதா டார்ச் இருந்தால் சில நொடி அடித்துப் பாருங்கள். நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் தாளில் வெளுப்பூட்டி இருக்கிறது, அது போருக்கு முந்தைய தாள் அல்ல.

சிந்த்ரா தெரு, கம்போங் மலபார் பக்கம் போருக்கு முன் ஜப்பானியர் கடைகள் இருந்ததால் பினாங்கில் கிடைத்தது பழசாகத்தான் இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். கிடைத்த ஊரை வைத்துக் காலம் சொல்ல முடியாது. தாளும் முத்திரையும்தான் சாட்சி.

---

பிரிக்பீல்ட்ஸ்_பிரேம் எழுதியது:

செந்தூல் அண்ணன் சொன்னதோடு பிரேம் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

சாம்பல் தூள் பூஞ்சணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வெயில் ஏன் கூடாது? பூஞ்சணம் சாவதற்கு முன் நிறம் சாகும். இந்தப் படத்தில் நீலம்தான் உயிர். பிரஷ்ய நீலம் வெளிச்சத்தில் வெளிறும், அதோடு கலந்த செயற்கைச் சாயங்கள் அதைவிட வேகமாக வெளிறும். கண்ணாடியோடு வெயிலில் வைத்தால் உள்ளே வெப்பம் ஏறி, தாளின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறம் துளியாகப் படிந்து, மாலையில் படத்தின் மேலேயே திரும்ப இறங்கும். பாச்சை உருண்டை பூஞ்சணத்தைத் தடுக்காது. மூடிய பிரேமுக்குள் அதன் ஆவி தாள் மேலும் கண்ணாடி மேலும் மீண்டும் பளிங்காகப் படியும். வேப்பிலையும் அப்படித்தான், கறைதான் மிச்சம்.

பிரேமைத் திறக்கும் முன் ஒரு வேலை. டார்ச்சைக் கண்ணாடிக்குக் கிட்டத்தட்ட இணையாகச் சாய்த்துப் பிடித்து உள்ளே பாருங்கள். எங்காவது நனைந்தது போல அடர்ந்து பளபளக்கும் திட்டு இருந்தால் தாள் அங்கே கண்ணாடியில் ஒட்டிவிட்டது. மவுண்ட் மெல்லியதாக இருந்தால் நம் ஊர் ஈரத்தில் தாள் அலைபோல எழும்பிக் கண்ணாடியைத் தொடும், தொட்ட இடத்தில் ஒட்டும். ஒட்டியிருந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். கத்தி, நீராவி, ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே காகிதப் பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஒட்டவில்லை என்றால் வீட்டில் திறக்கலாம். மின்விசிறியை நிறுத்துங்கள். என்95 முகமூடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். சுத்தமான துண்டின் மேல் பிரேமை முகம் கீழாக வையுங்கள். பழுப்புக் காகிதத்தை விளிம்பில் கீறி எடுங்கள். ஆணிகளைச் சுத்தியலின் நகத்தால் நெம்பாதீர்கள், பலகை துள்ளிக் கண்ணாடி உடையும்; தட்டை மூக்குக் குறடால் ஒவ்வொன்றாக நேராக இழுங்கள். பலகையை எடுத்ததும் படத்தைத் தூக்க அவசரப்படாதீர்கள். பலகையின் கணு இருந்த இடத்தில் தாளின் முதுகில் பழுப்பு வளையம், பலகை ரேகைக்கு ரேகை கோடு, இப்படித் தெரியலாம். அது மரத்தின் அமிலமும் பிசினும் தாளுக்குள் இறங்கிய அடையாளம். முகத்தில் தெரியும் புள்ளிகளில் சில பூஞ்சணப் புள்ளியாக இல்லாமல் இந்தக் கணுக்களாகவே இருக்கலாம். முதுகில் இருக்கும் புள்ளியும் முகத்தில் இருக்கும் புள்ளியும் ஒரே இடத்தில் வருகின்றனவா என்று படம் பிடித்து ஒப்பிடுங்கள்.

அடுத்து, படம் அட்டையோடு எப்படி இணைந்திருக்கிறது என்று பாருங்கள். செலோ டேப் என்றால் இழுக்காதீர்கள். கோசோ நார் நீளமானது, இழுத்தால் மேல்படலமே டேப்போடு உரிந்து வரும். அட்டையின் பக்கத்தில் டேப்பை வெட்டி, மிச்சத்தைப் படத்திலேயே விட்டுவிடுங்கள். அதை எடுப்பது கரைப்பான் வேலை, வீட்டு வேலை அல்ல. மேல் இரு மூலைகளில் மட்டும் சிறு பசைத் துண்டு இருந்தால் பதற வேண்டாம். விற்கும்போதே உறையில் அப்படி ஒட்டித்தான் கொடுத்தார்கள்.

தூளை ஈரத் துணியால் துடைத்தால் கறையாகிவிடும். ஏர்கான் அறையில் இரண்டு நாள் திறந்து வைத்து நன்றாக உலர்ந்த பிறகு, மென்மையான ஆட்டுமுடித் தூரிகையால் ஒரே திசையில், வேக்கம் குழாயின் வாயை நோக்கித் தள்ளுங்கள். குழாய் வாயில் வலைத்துணி கட்டி, குறைந்த வேகத்தில், தாளைத் தொடாமல் பிடிக்க வேண்டும். உலராத பூஞ்சணத்தைத் தூரிகையால் தொட்டால் வித்துகள் தாளுக்குள் அழுந்திவிடும்.

வெளுப்பான், ஹைட்ரஜன் பெராக்சைடு, தண்ணீரில் ஊறவைப்பது பற்றி இணையத்தில் வரும் காணொளிகளை நம்பாதீர்கள். இந்தச் சாயங்களில் சில தண்ணீர் பட்டாலே ஓடும், முதலில் சிவப்பு. கையெழுத்துக்குக் கீழே இருக்கும் முத்திரை ரோஜாநிறக் கறையாகப் பரவினால் அதைத் திரும்பப் பெற வழியே இல்லை. அமிலநீக்கத் தெளிப்பானும் கூடாது. அது காரம், பிரஷ்ய நீலத்தைக் காரம் பழுப்பாக்கிவிடும்.

---

பட்டர்வொர்த்_படகுத்துறை எழுதியது:

ஒரு சின்னக் குறுக்கீடு. அமிலமில்லா அட்டை என்று கடையில் கேட்டால் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் சேர்த்த அட்டையைத்தான் தருவார்கள். கடிதத்துக்கும் வரைபடத்துக்கும் அது நல்லது. ஆனால் அதுவும் காரம் என்பதால் நீலம் நிறைந்த அச்சுக்குச் சேர்க்கை இல்லாத 100 விழுக்காடு பருத்தி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். ஜன்னலைப் படத்தைவிடச் சிறிதாக வெட்டாமல், ஓரத்தில் இருக்கும் எழுத்தும் முத்திரையும் முழுதாகத் தெரியும்படி வெட்டச் சொல்லுங்கள். ஓரத்தை மறைத்தால் பாதிக் கதை மறைந்துவிடுகிறது.

இன்னொன்று. பழைய மவுண்டின் ஜன்னல் விளிம்பு 45 பாகையில் வெட்டிய இடம் பழுப்பாக இருக்கிறதா பாருங்கள். வெட்டு முகம் பழுப்பு என்றால் மரக்கூழ் அட்டை. அதே பழுப்புக்கோடு படத்திலும் சதுரமாக விழுந்திருக்கும். அந்த அட்டையைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

---

ஆயர்ஈத்தாம்_வாசி எழுதியது:

அண்ணன்மாருக்கு மிக்க நன்றி. சொன்னபடி டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. திறந்தாகிவிட்டது. விவரம்:

ஓரம் நான்கு பக்கமும் இருக்கிறது, வெட்டவில்லை. தேதியில் ஷோவா 5. பட மூலையில் சிறிய வட்ட முத்திரை, ஸ்கேலில் 6 மி.மீ. முதுகில் நீலம் நன்றாக இறங்கியிருக்கிறது, மரங்களின் வடிவம் தெரிகிறது, வளையத் தடங்களும் உண்டு. புறஊதா டார்ச்சில் தாள் ஒளிரவில்லை. மவுண்டின் வெட்டு முகம் பழுப்பு, படத்தின் நான்கு பக்கமும் அதே கோடு. பத்துப் புள்ளிகளில் நான்கு பின்பலகைக் கணுவோடு பொருந்துகின்றன. மேல் விளிம்பில் செலோ டேப் இரண்டு துண்டு.

அப்படியானால் போருக்குப் பிந்தையதா? எப்படி மாட்டுவது, எங்கே வைப்பது?

---

செந்தூல்_மரக்கட்டை எழுதியது:

நல்ல செய்தி. வட்ட 6 மி.மீ., முதுகில் பாரென், ஒளிராத கோசோ, ஷோவா 5: எல்லாம் சேர்ந்து போருக்குப் பிந்தைய, ஹசுயி வாழ்ந்த காலத்து அச்சு என்ற பக்கமே காட்டுகின்றன. 1930-இல் முதலில் வந்த அச்சு அல்ல. ஆனால் அசல் வதனாபே அச்சுதான், வருத்தப்பட ஒன்றுமில்லை.  அந்த ஆண்டுகளின் அச்சு வேலையும் உயர்தரமே.

முத்திரை ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். போருக்கு முந்தைய அச்சின் தெளிவான படம் ஒன்றை ஏதாவது அருங்காட்சியக இணையத் தொகுப்பில் எடுத்துப் பக்கத்தில் வைத்து மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, பைன் ஊசிகளின் நுனி. செர்ரி மரக் கட்டை கெட்டியானது. ஆனாலும் பல நூறு முறை ஈரத்தில் தேய்த்தால் மெல்லிய கோடு மழுங்கும் அல்லது துண்டாகும். இரண்டு, வானத்தின் நிறச்சரிவு. போகாஷி என்ற இந்தச் சரிவு கட்டையில் செதுக்கப்படுவதில்லை. அச்சடிப்பவர் ஒவ்வொரு தாளுக்கும் கட்டையின் ஒரு பகுதியை ஈரமாக்கி, தூரிகையின் ஒரு முனையில் மட்டும் சாயம் எடுத்து இழுக்கிறார். அதனால் ஒரே பதிப்பில்கூட இரண்டு தாள் ஒன்றுபோல இருக்காது; சரிவு எங்கே தொடங்குகிறது என்பது கைக்குக் கை மாறும். மூன்று, நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்பது. கட்டையின் மூலையில் ஒரு மடிப்புக் குறியும் விளிம்பில் ஒரு நேர்க்குறியும் செதுக்கி, தாளை அதில் பொருத்தித்தான் 20-க்கும் மேற்பட்ட முறை அடிக்கிறார்கள். தாள் நடுவில் உலர்ந்தால் சுருங்கும், சுருங்கினால் குறியில் பொருந்தினாலும் நிறம் அரை மி.மீ. விலகும். ஜன்னல் மஞ்சள் சட்டத்தை விட்டு ஒரு பக்கம் வழிந்திருக்கிறதா என்று பார்த்தாலே அச்சடித்தவரின் கவனம் தெரிந்துவிடும்.

வானத்தில் உற்றுப் பார்த்தால் சுழிசுழியாகக் கோடு தெரியுமே, அதை அழுக்கு என்றோ குறை என்றோ எண்ண வேண்டாம். வேண்டுமென்றே பாரெனைச் சாய்த்து அடித்துத் தடத்தை விட்டுவைப்பது இந்தப் பட்டறையின் கைவண்ணம். காற்று அசைவது போன்ற உணர்வு அதிலிருந்துதான் வருகிறது.

---

பிரிக்பீல்ட்ஸ்_பிரேம் எழுதியது:

மாட்டுவதற்கு:

டேப்பை அப்படியே விட்டு, மேல் விளிம்பின் பின்புறத்தில் டேப் இல்லாத இடத்தில் இரண்டே கீல், அதாவது படத்தைப் பின்அட்டையோடு இணைக்கும் தாள் துண்டுகள். ஜப்பானிய மெல்லிய நார்த்தாளைக் கையால் கிழித்து 2 செ.மீ. அகலத் துண்டாக்குங்கள், கத்தரித்த நேர் விளிம்பு காலப்போக்கில் முகத்தில் கோடாகத் தெரியும், கிழித்த விளிம்பு தெரியாது. கீல் படத்தின் மேல் 4 மி.மீ. ஏறினால் போதும். பசை கோதுமை ஸ்டார்ச். சுவரொட்டிக்கு நாம் காய்ச்சும் மைதாப் பசை அல்ல. மைதாவில் இருக்கும் குளூட்டன் மஞ்சளாகும், இராமபாணப் பூச்சிக்கு விருந்தும் ஆகும். பூச்சி வராமலிருக்க அந்தப் பசையில் மயில்துத்தம் கலக்கும் வழக்கத்தையும் இங்கே கொண்டுவராதீர்கள், செம்பு தாளை அரித்துவிடும். ஸ்டார்ச் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு, மெல்லிய தீயில் கண்ணாடி போலத் தெளியும்வரை கிளறி, ஆறவைத்து, சல்லடையில் இரண்டு முறை தேய்த்து எடுங்கள். கீலில் தடவியதும் அரை நிமிடம் விட்டு, கிட்டத்தட்ட உலர்ந்த பதத்தில் ஒட்டுங்கள். ஈரமாக ஒட்டினால் அந்த இடம் சுருங்கி முகத்தில் புடைப்பு விழும். ஒட்டிய இடத்தின் மேல் மையொற்றும் தாள், அதன் மேல் கண்ணாடித் துண்டு, எடை, ஒரு மணி நேரம்.

பசை வேலைக்குத் தயக்கம் என்றால் பாலியெஸ்டர் மூலைப்பைகள் வாங்கிப் பொருத்தலாம். ஓரம் முழுதாக இருப்பதால் உங்களுக்கு அது சரிப்படும். கீழ் மூலைப்பை இறுக்கமாக இருக்கக் கூடாது; இங்கே தாள் தினமும் ஈரம் குடித்து விரியும், இடம் கொடுக்காவிட்டால் நடுவில் வயிறு தள்ளும். நான்கு பக்கமும் ஒட்டுவதும் சூட்டில் அழுத்தி ஒட்டும் டிரை மவுண்ட்டும் வேண்டாம். சில கடைகளில் கேட்காமலே டிரை மவுண்ட் செய்துவிடுவார்கள், கொடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள்.

ஜன்னல் அட்டை குறைந்தது 4 அடுக்கு, பினாங்குக்கு 8 அடுக்கே நல்லது, தாள் அலைந்தாலும் முன்பக்கத்தைத் தொடாது. முன்பக்கம் புறஊதா வடிகட்டும் அக்ரிலிக். பலகைக்குப் பதில் பாலிப்ரொப்பிலீன் நெளிதகடு, பின்விளிம்பு முழுதும் அலுமினிய டேப் ஒட்டி அடைத்துவிட்டால் பூச்சியும் ஈரக்காற்றும் சுலபமாக நுழையாது. அடைப்பதை மழை நாளில் செய்யாதீர்கள். அட்டை, படம், தகடு எல்லாவற்றையும் ஏர்கான் அறையில் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் இரண்டு நாள் வைத்து, அதே அறையில் அடையுங்கள். இல்லாவிட்டால் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்ததாகிவிடும்.

---

பட்டர்வொர்த்_படகுத்துறை எழுதியது:

இடம் பற்றி: இரவில் மட்டும் ஏர்கான் ஓடும் ஹால்தான் இருப்பதிலேயே மோசமான இடம். இரவில் சுவரும் பிரேமும் குளிரும், காலையில் ஜன்னலைத் திறந்ததும் 80 விழுக்காடு ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த பரப்பில் படியும். தினம் ஒரு முறை. நாள் முழுக்க ஏர்கானே இல்லாத, காற்றோட்டமான உள்சுவர் இதைவிட மேல். வெளிச்சுவர், குளியலறைக்கு முதுகு கொடுத்த சுவர், சாமி மாடத்துக்கு எதிர்ச்சுவர் மூன்றும் கூடாது. கடைசியாகச் சொன்னது விளக்குப் புகைக்காக. எண்ணெய்ப் புகையும் சாம்பிராணிப் புகையும் வெறும் நார்த்தாளில் படிந்தால் எடுக்க முடியாது. பிரேமின் கீழ் இரு மூலைகளில் 1 செ.மீ. ரப்பர் குமிழ் ஒட்டுங்கள், சுவருக்கும் முதுகுக்கும் நடுவே காற்று ஓடும். பழைய கடைவீடு என்றால் ஆணி அடித்த இடத்தில் கறையான் மண்கோடு வருகிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள்.

ஆண்டு முழுக்க மாட்டி வைக்க வேண்டாம். வெளிச்சம் 50 லக்ஸ் அளவில், மூன்று மாதம் சுவரில், ஒன்பது மாதம் இருட்டில். இருட்டு என்பது கேமரா வைக்கும் டிரை கேபினட்டாக இருந்தால் நல்லது. 50 விழுக்காட்டில் வையுங்கள், லென்சுக்கு வைப்பதுபோல 40-க்குக் கீழே இறக்கினால் தாள் முறுகும். வாங்கும் முன் உள்ளளவை அளந்து பாருங்கள், மவுண்ட் அட்டையோடு 41 × 51 செ.மீ. படுக்கையாகப் போக வேண்டும். சின்ன கேபினட்டில் நுழையாது.

கேபினட் இல்லையென்றால் இறுக்கமாக மூடும் பாலிப்ரொப்பிலீன் பெட்டி, அதில் ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரமானி. ஜெல்லை எடை போட்டுப் போடாமல் ஈரமானியைப் பார்த்துப் போடுங்கள்: 60-ஐத் தாண்டினால் ஒரு பொட்டலம் கூட்டுங்கள், 45-க்குக் கீழே போனால் ஒன்றை எடுங்கள். நிறம் மாறியதும் ஜெல்லைத் தட்டில் கொட்டி 120 பாகை செல்சியஸ் ஓவனில் இரண்டு மணி நேரம், நன்றாக ஆறிய பிறகு திரும்பப் பெட்டிக்குள். அலமாரியில் வைக்கும் தண்ணீர் சேரும் டப்பாவை மட்டும் படத்தோடு வைக்காதீர்கள். சாய்ந்தால் கால்சியம் குளோரைடு கரைசல் முழுதும் தாளில்.

---

ஆயர்ஈத்தாம்_வாசி எழுதியது:

புரிந்தது. ஹால் வேண்டாம், மாடிப்படி உள்சுவர். பழுப்புக்கோட்டையும் மீதிப் புள்ளிகளையும் எடுக்க முடியுமா? பக்கத்து மேசையில் யோஷிதா ஹிரோஷி பெயரில் ஒரு கோயில் கோபுரப் படமும் இருந்தது, பென்சில் கையெழுத்தோடு. அதைப் பார்ப்பதும் இதே முறைதானா?

---

செந்தூல்_மரக்கட்டை எழுதியது:

கோடும் புள்ளியும் குறையலாம், முழுதாகப் போகாது. அதற்கு முதலில் ஒவ்வொரு சாயத்தையும் ஊசிமுனைத் துளி நீரால் சோதித்துப் பார்க்க வேண்டும். அது காகிதப் பாதுகாவலர் கையில் நடக்க வேண்டிய வேலை. தாளில் படிகாரமும் விலங்குப் பசையும் சேர்ந்த தோசா பூச்சு இருக்கிறது, சாயம் பரவாமல் நிறுத்துவது அதுதான். அதே படிகாரம் ஈரத்தில் அமிலமாகி புள்ளிகளை வளர்க்கிறது. ஈரப்பதத்தை 55-க்குக் கீழே நிறுத்தினால் இருக்கும் புள்ளிகள் அப்படியே நிற்கும், பெருகாது. அந்தக் காலத்து அச்சில் இந்த அளவு புள்ளியோடு வைத்திருப்பது தவறே இல்லை.

யோஷிதா ஹிரோஷி (1876–1950) விஷயம் வேறு. அவர் பெரும்பாலும் தன் பட்டறையிலேயே செதுக்கவும் அச்சிடவும் வைத்து, தானே மேற்பார்த்தவர். அதனால் பதிப்பாளர் முத்திரையைத் தேட வேண்டாம். ஓரத்தில் ஜிசூரி முத்திரை இருக்கிறதா பாருங்கள், தானே அச்சிட்டது என்று பொருள். கீழ் ஓரத்தில் ஆங்கிலத் தலைப்பும் பென்சில் கையெழுத்தும் இருக்கும். கையெழுத்தின் மேல் டார்ச்சைச் சாய்த்தால் உண்மையான பென்சில் கோடு கரிய மினுமினுப்போடு, லேசான பள்ளத்தோடு தெரியும். மினுமினுப்பு இல்லாமல் தட்டையாக இருந்தால் முத்திரையால் குத்திய கையெழுத்து, அவர் இறந்த பின் குடும்பத்தார் அடித்ததாக இருக்கலாம்.

1930 கடைசியில் தொடங்கி 1931 வரை அவர் இந்தியாவும் தென்கிழக்காசியாவும் சுற்றினார். அந்தப் பயண வரிசையில் சிங்கப்பூரும் உண்டு, நம் மதுரைக் கோயிலும் உண்டு. நீங்கள் பார்த்த கோபுரத்தின் கீழ் ஓரத்தில் ஆங்கிலத்தில் மதுரா என்று எழுதியிருந்தால், மேசைக்காரரிடம் பிரேமைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஜிசூரி இருக்க வேண்டிய இடத்தை மவுண்ட் மறைத்திருந்தால், திறந்து பார்க்காமல் விலை பேச வேண்டாம்.